கம்பெனி ரிப்பேர்

"ஒருதரம் கெட்டுப் போனதுதானே தம்பி இது? அதை முதல்ல சொல்லுங்க."

பாக்கியலட்சுமி கேமராவைத் தொடாமலேயே கேட்டார். காஜா பெராங் வட்டாரத்தில் இருந்த கருணாகரனின் படக்கடைக்குள் வந்து உட்கார்ந்ததிலிருந்து கேள்விதான். பாசாரில் கத்தரிக்காய் வாங்கினாலே காம்பைக் கிள்ளிப் பார்க்கிற மனுஷி. கேமராவைச் சும்மா விடுவாரா?

"ஆமாம்மா, கெட்டுப் போனதுதான்," என்றான் கருணாகரன். "இந்த மடிப்புத் தோல்ல ஓட்டை விழுந்து உள்ளே வெளிச்சம் புகுந்துடுச்சு. வாங்கினவர் திருப்பிக் குடுத்துட்டார். செஞ்ச கம்பெனியே எடுத்துக்கிட்டுப் போய், தோலை மாத்தி, மத்ததையும் பிரிச்சுப் பார்த்து, ஒரு வருஷ உத்தரவாதத்தோட அனுப்பியிருக்கு."

"புதுசு இல்லையா?"

"இருக்கு. இதைப் போல ரெண்டு மடங்கு விலை."

"அம்மா, எனக்கு இதுவே போதும்," என்றாள் பக்கத்தில் நின்ற சந்திரமதி.

"நீ சும்மா இரு. உனக்கு எதைக் குடுத்தாலும் போதும்தான்."

சந்திரமதி இரவல் கேமராவில் படம் எடுத்துப் பழகியவள். ஃபிலிம் கழுவ இந்தக் கடைக்குத்தான் வருவாள். மெர்டேக்கா, நாட்டின் சுதந்திர நாள், நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் ஆளாளுக்குக் கேமரா தேடினார்கள், கொடி ஏற்றுவதைப் படம் பிடிக்க. சந்திரமதிக்கு வேறு கணக்கு. புக்கிட் ரம்பாய்ப் பக்கம் கல்யாணப் பேச்சு என்றால் மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணின் படம் போக வேண்டும். பெண்களோ ஆண் படக்காரன் முன்னால் உட்கார்ந்தால் முகத்தை உம்மென்று வைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கே போய் நான் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். முதல் வேலை வருகிற ஞாயிற்றுக்கிழமை.

"முதல் படமே வெளுத்துப் போனா இவளை அடுத்த வீட்டு வாசப்படி ஏத்துவாங்களா தம்பி?" என்றார் பாக்கியலட்சுமி. "சொந்தக் கால்ல நிக்கணும்னு ஆசைப்படுறா. அந்த ஆசையில மண்ணு விழுந்துடக் கூடாது."

கருணாகரனுக்குக் கோபம் வரவில்லை. கேமராவின் மடிப்பை நீட்டி, ஒரு டார்ச் லைட்டையும் பெரிய கறுப்புத் துணியையும் எடுத்துக் கொடுத்தான்.

"நீங்களே பாருங்கம்மா. பின்பக்கம் திறந்து உள்ளே லைட் அடிங்க. துணிக்குள்ள இருட்டுல பாருங்க. ஊசிமுனை வெளிச்சம் கசிஞ்சாலும் வாங்காதீங்க."

பாக்கியலட்சுமி துணிக்குள் தலையை விட்டார். ரொம்ப நேரம் சத்தமே இல்லை.

"அம்மா, தூங்கிட்டீங்களா?" என்றாள் சந்திரமதி.

கருணாகரன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். துணிக்குள்ளே இருந்தவர் அந்தச் சிரிப்பு அடங்குகிற வரை வெளியே வரவில்லை.

"கசியல," என்றார், கலைந்த முடியை ஒதுக்கியபடி. "ஆமா, கடை மூடிட்டுப் போனா வீட்டுல யார் சமையல்?"

"நான்தாம்மா. எங்கம்மா தவறினதுலேருந்து பழகிடுச்சு."

"ம். சரி, கேமராவுக்கு வருவோம். போயும் போயும் அடுத்தவன் வீட்டுல இருந்ததையா எடுத்தேன்னு சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றது?"

"எனக்கு வாங்கினா எங்க சித்தப்பாவே கேட்பார். ஊர் வாயை மூட உலை மூடி இல்லைம்மா. படம் எடுக்கப் போறது நான், அவர் இல்லையே," என்றான் கருணாகரன்.

"பிறகு என்னைக்காவது ஒரு சின்னக் குறை வந்தா? 'அப்பவே தெரியும், இது பழசுதானே'ன்னு சொல்லிக் காட்டத் தோணாதா?"

"புதுசுக்கும் குறை வரும்மா. வந்தா பக்குவமா சரி பண்ணிக்கணும். சொல்லிக் காட்டி என்ன ஆகப் போகுது?"

"கடைக்காரர் பேச்சு எல்லாருக்கும் வரும். உங்க வீட்டுக்குன்னா, அந்தப் புதுசை விட்டுட்டு இதை எடுப்பீங்களா? என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

கருணாகரன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தது.

"எடுப்பேம்மா. மனசாரத்தான் சொல்றேன்."

பாக்கியலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். சந்திரமதி கண்ணாடி அலமாரியில் ஏதோ இருப்பதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கருணாகரனுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒரு கேமராவுக்கு இவ்வளவு யோசிக்கிறாங்க," என்றான் சந்திரமதியிடம். "இப்படி ஒரு அம்மா கிடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்."

"கேமராவை இவ எப்பவோ முடிவு பண்ணிட்டா தம்பி, அதைக் கட்டிக் குடுங்க," என்றார் பாக்கியலட்சுமி. "நான் உங்களைப் பார்க்க வந்தேன். இவளுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. வாயைத் திறந்து சொல்ல பயந்துக்கிட்டு இருந்தா, நான்தான் துருவித் துருவிக் கேட்டு வாங்கினேன். உங்களுக்கும் சம்மதம்னா நல்ல நாள் பார்த்து வீட்டுக்கு வாங்க. ஆனா ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. நான் இவளைப் பெத்த அம்மா இல்ல, மாமியார். என் மகன் போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆகுது."