உம்மா சொன்ன விலை

"இந்த விலைக்கு என்ரை உம்மா ஒத்துக்கொள்ள மாட்டா," என்று அரைகுறைச் சுவாஹிலியில் சொல்லி, றிஷாத் நீலக்கல்லை மேசையில் வைத்தான்.

வைத்த விதத்திலேயே கல்லின் மதிப்பு பாதியாகிவிட்டது.

தன்சானியாவின் தெற்கே, கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்லும் இடைக்கிடை முள்மரமுமாகக் கிடந்த வெளியில், வாரத்துக்கு ஒரு பஸ் வந்து போகும் சின்ன ஊர் அது. தகரக் கடைக்குள் அவனுக்கு எதிரே இருந்தவள் ஸுஹுரா. சுற்றுவட்டாரத்தில் கிண்டி எடுக்கிற கல்லெல்லாம் அவள் கையால்தான் வெளியே போகும். சிரித்துச் சிரித்தே ஆளைக் கவிழ்ப்பாள்.

யாழ்ப்பாணம் சோனகதெருவில் வியாபாரத்துக்குள்ளேயே வளர்ந்தவனுக்கு அது புதிதா? றிஷாத்தும் சிரித்தான்.

கல் கிடைத்தால் ஊரில் சொந்தக் கடை. கிடைக்காவிட்டால் மச்சான் றியாஸின் கடையில் சம்பளத்துக்கு நிற்க வேண்டும். அவன் நாலு பேருக்கு முன்னால், "வாங்கோ முதலாளி, ஆபிரிக்கா எப்பிடி?" என்று கேட்பான்.

போனை வாய்க்கு நேரே பிடித்து, "உம்மா, இவ இறங்கிறா இல்லை," என்றான். பதிவுப் பொத்தானை அழுத்தவில்லை. பிறகு திரையை மேலே தள்ளித் தள்ளிப் போய், ஒரு குரல் செய்தியைத் தட்டினான்.

"என்னது? அவளுக்கென்ன விசரா? வெச்சிட்டு எழும்பி வா மகன். பின்னால ஓடி வருவாள்."

கூரைத் தகரம் அதிர்ந்தது. தமிழில் ஒரு சொல் தெரியாத ஸுஹுரா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முன்பு ஒருநாள் அவன் குருநகர் மீன்சந்தையில் ஒரு பாரை மீனுக்கு முன்னால் விலை படியாமல் நின்று முழித்தபோது, அவன் உம்மா ஆசியா வீட்டிலிருந்து அனுப்பியது அது. அன்று மீன்காரி பெர்னடெட்டை விலையிறக்க வைத்த குரல், பிறகு மொசாம்பிக்கிலும் மடகஸ்காரிலும் கல்லை இறக்கியிருக்கிறது. மீனென்ன, கல்லென்ன, ஏச்சு ஏச்சுத்தானே.

றிஷாத் எழும்பி வாசல் வரை நடந்தான். பஸ் நிற்கிற இடத்தில் ஆடுகள் படுத்திருந்தன. பின்னால் கதிரை இழுபடும் சத்தம் கேட்கும் வரை, அந்த ஆடுகளை வாங்கப் போகிறவன் போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இரு தம்பி. உன் தாயின் விலைக்கே எடு," என்றாள் ஸுஹுரா. "ஆனால் ஒரு பெரிய மனுசியின் குரலைக் கேட்டுவிட்டு, வணக்கம் சொல்லாமல் எப்படிக் கல்லைத் தருவேன்? எங்கள் ஊரில் அது மரியாதையில்லை."

அவன் வாயெடுப்பதற்குள் போன் அவள் கையில்.

வட்ஸ்அப் அவளுக்கும் தெரியும். பொத்தானை அழுத்திப் பிடித்து, கண்ணை மூடி, பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கத்தைச் சொன்னாள். விரலை எடுத்தாள்.

செய்தி போனதும் திரை அடிக்கு இறங்கியது. அவளுடையதற்கு நேர் மேலே, இன்னும் கேட்காத ஒரு குரல் செய்தி பச்சைப் புள்ளியோடு கிடந்தது.

பதில் வந்துவிட்டது என்று நினைத்தாள். தட்டினாள்.

றிஷாத் நீட்டிய கை பிந்திவிட்டது.

போன தடவை காட்டுக்குள் கல் தேடித் திரிந்துவிட்டு, ரவுனுக்கு வந்து சிக்னல் பிடித்தபோது, உம்மா மவுத்தாகிவிட்டா, இனி இல்லை என்ற செய்திதான் முதலில் வந்தது. உம்மா உயிரோடு இருந்தபோது அனுப்பிய இது, அதற்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது. எதையும் விற்கலாம் என்று வளர்ந்தவன், இதை மட்டும் தட்டாமல் வைத்திருந்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மகன்," என்றது உம்மாவின் குரல். ஏச்சில்லாத, சாதாரணக் குரல். "டொக்டர் வாறார். நான் பிறகு கதைக்கிறன்."

"வ அலைக்குமுஸ் ஸலாம்," என்று ஸுஹுரா போனுக்கே பதில் சொன்னாள். கல்லை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"என்ன சொல்கிறார்?"

றிஷாத் கல்லைப் பார்க்கவில்லை.

"விலை சரியாம்," என்றான். "பிறகு கதைக்கிறாவாம்."