பெயர் சொன்ன அணில்

காட்டின் நடுவில் ஓர் இலுப்பை மரம். அதன் பருத்த அடியைச் சுற்றிலும் பொந்துகள். எதில் தலையை விட்டுப் பேசினாலும், உச்சிப் பொந்து வழியாகக் காடு முழுக்கக் கேட்கும். ஆனால் எல்லாக் குரலும் ஒரே மாதிரி கரகரத்துப் போவதால், பேசியது யாரென்று தெரியாது.

ஒருநாள் மைனா பாட்டை நிறுத்திவிட்டது. "பாடுறியா, இல்லே தொண்டையில முள் சிக்கிச்சா?" என்று மரத்திலிருந்து வந்த குரல்தான் காரணம்.

அணிலுக்கு வந்ததே கோபம்! நேராக மரத்திடம் போனது.

"முன்னெல்லாம் நீ இப்படியா இருந்தே? வரவர வாயைத் திறந்தாலே விஷம்!"

"அன்னிக்கும் நாலு பேர் திட்டினாங்க. இன்னிக்கும் அதே நாலு பேர்தான்," என்றது மரம். "நல்லதாப் பேசின நாற்பது பேர் இந்தப் பக்கமே வர்றதில்லை. நீ கடைசியா எப்போ வந்தே?"

அணில் தன் வாலைத் திரும்பிப் பார்த்தது. போன மழைக்காலத்தில் யாரோ அதன் வாலைக் கேலி செய்தார்கள். அன்றைக்குப் போனதுதான்.

சட்டென்று ஒரு பொந்துக்குள் தலையை விட்டு, அங்கே யாருமே செய்யாத காரியத்தைச் செய்தது.

"நான் அணில் பேசறேன். மைனா, உன் பாட்டு இல்லாம எனக்குப் பொழுதே விடியலை."

மறுபக்கத்துப் பொந்துகளிலிருந்து உடனே பதில் பாய்ந்தது: "வந்துட்டுது ஜால்ரா! போடா துடைப்ப வாலா!"

அணில் தலையை வெளியே எடுக்கவில்லை.

"துடைப்ப வால் எனக்குத்தான். நான் அணில். நீங்க யாரு?"

மரத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அந்த அமைதியில், எங்கோ ஒரு கிளையில் மைனா தொண்டையைச் செருமுவது காடு முழுக்கக் கேட்டது.