பென்டிராகன் வாள்

தங்கக் காகிதம் சுற்றிய அட்டை வாளைத் தன் கணவர் கிருஷ்ணராசாவிடம் கொடுக்காமல், அவருடைய பரம எதிரி பரமேஸ்வரனிடம் நீட்டினாள் றூபினி. மண்டபமே விசிலடித்தது.

கிருஷ்ணராசாவுக்கு, இடுப்பு வலிக்காகக் கோட்டுக்குள் கட்டியிருந்த பட்டி இன்னும் இறுகியது போலிருந்தது. போன வருட ஒன்றுகூடலோடு வந்த வலி அது.

பிரித்தானியாவின் மனோர் பார்க்கில் தமிழருக்கு ஏழு ஊர்ச் சங்கங்கள், ஏழு தலைவர்கள். ஒன்றுகூடலுக்கு ஒருவர் தலைமை தாங்கினால் மற்ற ஆறு பேருக்கும் பொறுக்காது. மூன்று வருடமாகச் சண்டை பிடித்து அந்த இடத்தை வைத்திருந்தவர் கிருஷ்ணராசா.

இந்த முறை புது வழி சொன்னவள், பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கும் றூபினிதான்.

"பழைய பிரித்தானியக் கதையளிலை குட்டிக் குட்டி ராசாக்கள் கனபேர். போர் வந்தா ஒருத்தரைப் பென்டிராகன் எண்டு முன்னுக்கு விடுவினம். மற்றவையின்ரை முடி அவையின்ரை தலையிலையே இருக்கும்."

"உது என்ரை மகன் விளையாடுற கேமிலையும் வருது!" என்றார் ஒரு தலைவர்.

"ஓம் அண்ணை. கேம், படம், ரீசேர்ட், எல்லாத்திலையும் இண்டைக்கும் அந்தப் பேருக்கு மவுசு. எங்கடை பென்டிராகனுக்கு நான் வைக்கிறது ஒரேயொரு சட்டம். களத்தை விட்டுக் கடைசியாப் போறவர் அவர்தான்."

வீரமான சட்டம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். வாக்கெடுப்பில் கிருஷ்ணராசாவுக்கும் பரமேஸ்வரனுக்கும் மூன்றுக்கு மூன்று, ஒருவர் நடுநிலை. முடிவை றூபினியிடமே விட்டார்கள்; அந்த முடிவுதான் இந்த வாள்.

"கட்டின மனிசியா இருந்தும் காலை வாரி விட்டிட்டீரே!" என்றார் கிருஷ்ணராசா.

"கொத்துரொட்டி ஆறப்போகுதப்பா, சாப்பிடுங்கோ."

பரமேஸ்வரன் சிவப்புத் திரைச்சீலையைப் போர்த்தி, வாளைச் சுழற்றி, மேடையில் குத்தாட்டம் போட்டார். எல்லாப் படத்திலும் அவரே நடுவில். கிருஷ்ணராசா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

நிகழ்ச்சி முடிந்ததும் சனம் பஸ்ஸுக்கும் காருக்கும் ஓடியது. மண்டபம் முழுக்கக் கதிரைகள், பலூன்கள், மிதிபட்ட கொத்துரொட்டி.

மூன்று வருடமும் எல்லாரும் போனபின் தனியாகக் கூட்டி அள்ளிய கிருஷ்ணராசா, பழக்கதோஷத்தில் கோட்டைக் கழற்றிக் கையை மடித்தார். றூபினி கோட்டைத் திருப்பி மாட்டிவிட்டாள். பிறகு பரமேஸ்வரனிடம் போய், வாள் இல்லாத கையில் மண்டபத்தைப் பூட்டும் திறப்பையும் கூட்டும் தும்புத்தடியையும் வைத்தாள்.

"அப்ப நாங்கள் போயிட்டு வாறம், பென்டிராகன்!"