பக்கத்து நாற்காலிக்காரி

வினோதாவின் வளைகாப்பில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் மூத்த ஓரகத்தி செண்பகவல்லியை உட்காரவைத்தார்கள். கர்ப்பிணிக்குப் போட்டு மிஞ்சிய வளையலைப் பிள்ளையில்லாதவள் போட்டுக்கொண்டால் சீக்கிரமே உண்டாவாள் என்று ஒரு நம்பிக்கை. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில், யாராவது ஒருத்தியின் பக்கத்தில் அவள் இப்படி உட்காருவது இது ஏழாவது முறை.

இப்போதெல்லாம் வளையல் சுகாதார நிலையத்திலிருந்து வருகிறது. கையில் ஏறியதுமே நிறம் மாறிச் சர்க்கரையைச் சொல்லிவிடும். பச்சை என்றால் ஒன்றுமில்லை. சிவப்பு என்றால் எல்லாருக்கும் வருகிற சர்க்கரை நோய். கர்ப்பத்தால் வந்த சர்க்கரைக்கு மட்டும் மஞ்சள். வினோதாவின் கைகள் நிறையப் பச்சை.

செண்பகவல்லி வலது கையை நீட்டினாள். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்ததால் சிவப்பைத்தான் எதிர்பார்த்தாள். வளையல் மஞ்சளானது.

"இது கெட்டுப்போச்சு போல," என்று நர்ஸ் ரெஜினா இடது கையில் வேறொன்றைப் போட்டாள். அதுவும் மஞ்சள்.

"நாள் தள்ளிப்போயிருக்காக்கா?"

"எனக்கு எப்பவும் தள்ளித்தான் போகும். நான் கணக்கு வைக்கிறதையே விட்டுட்டேன்."

ரெஜினா மூன்றாவது வளையலை எடுக்கவில்லை. "உங்களுக்குச் சர்க்கரை இருக்குக்கா," என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பந்தியில் மாமியார் கல்கண்டு சாதத்தோடு வந்தார். "ரெண்டு கரண்டி வச்சுக்கோ, செண்பகம்."

"எனக்கு வேண்டாம் அத்தை," என்று செண்பகவல்லி மஞ்சள் வளையல் போட்ட இரண்டு கையாலும் இலையை மறைத்தாள்.

மாமியார் கரண்டியை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.