கரையாத மாத்திரை
கவுஞ்சி மலைக்கிராமத்தில் பூண்டு பயிரிடும் பொன்னுவேல் கண்ணாடித் தம்ளரைச் சன்னல் வெயிலில் தூக்கிப் பிடிக்கிறார். உரம் வாங்கினாலும் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பவர் அவர்; கரையாவிட்டால் கலப்படம். தம்ளருக்குள் சர்க்கரை நோய் மாத்திரை ஜவ்வரிசிபோல் உப்பி வழவழக்கிறது. “நேத்துப் போட்டது, இன்னும் அப்படியே கெடக்கு. போலிச் சரக்கை என் தலையில கட்டிட்டீங்களேம்மா.” வீடு தேடி மாத்திரை கொடுக்கும் ஷர்மிளா, “மருந்து ஒடம்புல மெதுவா எறங்கணும்னு அப்படிச் செஞ்சிருக்காங்கய்யா,” என்கிறாள். “கல்லைக் குடுத்தாலும் இதைத்தான் சொல்லுவீங்க.” ஷர்மிளா சன்னல் பக்கம் திரும்புகிறாள். சன்னலோரம் இன்னும் ஆறு தம்ளர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நாள் மாத்திரை. எண்ணிக்கொண்டே வந்த அவள் பார்வை, அவர் கால் பெருவிரலில் சுற்றியிருக்கும், புண்ணின் நீர் கசிந்து ஈரமான துணியில் நிற்கிறது. பொன்னுவேல் மெல்லக் காலை வேட்டிக்குள் இழுத்துக்கொள்கிறார்.