தெமோதரை வளைவு

தெமோதரை வளைவில் மோட்டார் சைக்கிளோடு அலவி விழுந்து காலை முறித்துக்கொண்டார் என்று கேள்விப்பட்டு, அவரைப் பார்க்கப் பதுளைக் கடைத்தெருவே திரண்டு வந்திருந்தது. லிங்கத்துக்கு வயிறு எரிந்தது. அறுபது வயதுக்கு மேல் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஊரில் இவர்கள் இருவர்தான்.

"செத்தா வளைவுல சாகணும் லிங்கம். கட்டில்ல கெடந்து சாகுறதும் ஒரு சாவா?" என்றார் அலவி.

"நாளைக்கு அதே வளைவுல நான் வண்டிய வெரட்டிப் போறேன், பாரு!" என்றார் லிங்கம்.

புறப்பட்டவரைக் கதவு மறைவிலிருந்து அலவியின் மனைவி ரஹ்மத்தும்மா கூப்பிட்டாள்.

"போயிடாதீங்கண்ணே. அவங்க வழுக்கி விழுந்தது நம்ம கெணத்தடியில."

லிங்கத்தின் முகம் மலர்ந்தது. "இப்பவே எல்லார்கிட்டயும் சொல்றேன்!"

"சொல்லுங்க. அந்த வளைவு எறக்கத்துல நீங்க வண்டியத் தள்ளிக்கிட்டே போறத அவங்க இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

லிங்கம் கூட்டத்திடம் வந்தார்.

"பொல்லாத வளைவுங்க அது," என்றார்.