கீழ் வீட்டுத் தட்டல்

"டங்... டங்... டங்!"

சத்தம் கேட்டதுமே லோஜினி பதறிப்போய்ப் பைப்பைப் பூட்டினாள். அப்போதுதான் உறுமிக்கொண்டு வாளியில் விழ ஆரம்பித்த தண்ணீர் நின்றுபோனது.

"தொடங்கிட்டாங்க" என்றாள் கிசுகிசுப்பாக. "வாளியில தண்ணி விழுற சத்தம்கூட ஆகாதாம்."

"என்னதான் செய்யச் சொல்றாங்க? மூச்சு விடலாமா, அதுவும் கூடாதா?" என்றான் திவாகரன். பாவம், அவனும் கிசுகிசுப்பாகத்தான் கோபப்பட்டான்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த அந்தப் பழைய கட்டடத்தின் மேல் வீட்டுக்கு அவர்கள் குடிவந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. அடியில் பூட்டிக் கிடக்கும் ஒரு கடை. நடு வீட்டில் சித்தி றலியா என்ற பெண்மணி தனியாக இருந்து, ரோல்ஸும் பட்டிஸும் செய்து கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இவர்கள் இன்னும் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பது? அவர் கதவைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டல்லவா போனார்கள்!

முதல் நாள் தட்டியபோது மிக்சிதான் காரணம் என்று நினைத்து, லோஜினி சம்பலைக் கையால் பிசைந்தாள். மறுநாளும் தட்டினார். கதிரைக் கால்களுக்குத் திவாகரனின் பழைய சொக்ஸை மாட்டினார்கள். அதற்கும் தட்டினார். கடைசியில் புருசன் பெண்டாட்டி சண்டையைக்கூடச் சைகையில் போட்டுப் பார்த்தார்கள். காலையானால் சுவரோரம் மேலேறும் இரும்புக் குழாயில் கரண்டி அடி விழத்தான் செய்தது.

தண்ணீர்க் கஷ்டம் வேறு. இந்த வறட்சியில் குழாயில் வருவதே விடிகாலையில் கொஞ்ச நேரம்தான். அது மேல் வீட்டுக்கு ஏறுவதும் அபூர்வம். ஏறுகிற கொஞ்சத்தையும் பிடிக்கவிடாமல் இந்தத் தட்டல்! மிச்சத்துக்கு முற்றத்துப் பைப்பிலிருந்து வாளி வாளியாகச் சுமக்க வேண்டும். லோஜினி மாசமாக இருந்ததால் அத்தனை சுமையும் திவாகரனுக்குத்தான். வேலைக்குக் கிளம்பும்போதே ஆள் பாதியாகியிருப்பான்.

ஒரு காலை அவன் பொறுமை போய்விட்டது. தோசைக் கரண்டியை எடுத்து, அதே குழாயில் ஓங்கி இரண்டு அடி அடித்தான்.

"டங்! டங்!"

கீழே தட்டல் நின்றது.

"பாத்தியா? பயந்துட்டாங்க!"

சொல்லி வாய் மூடவில்லை, கீழ் வீட்டில் சளசளவென்று தண்ணீர் கொட்டும் சத்தம். பின்னாலேயே சட்டி பானைகள் உருளும் சத்தம்.

"நம்ம வாய மட்டும் அடக்கிட்டு, அவங்க அங்க கூத்தடிக்கிறாங்க!" என்று பல்லைக் கடித்தான்.

அன்றிலிருந்து தினமும் அதே கதைதான். கீழே மூன்று விழுந்த மறுநொடி, மேலே இரண்டு விழும். உடனே கீழே சளசளப்பு.

கடைசியில் கடுகண்ணாவையில் வேறு வீடு பார்த்தாயிற்று. லோஜினிக்கு மனசே இல்லை. இங்கே சன்னலைத் திறந்தால் மகாவலி தெரியும். தொட்டில் கட்ட எந்த இடம் என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாள். என்ன செய்ய, பிள்ளை பிறந்து அழுதால் அதற்கும் கரண்டியைத் தூக்குவாரே!

"போறதுக்கு முன்னால நறுக்குன்னு நாலு வார்த்தை கேக்காம விடமாட்டேன்" என்று படியிறங்கினான் திவாகரன். சண்டையை விலக்குவதற்காக லோஜினியும் பின்னாலேயே இறங்கினாள்.

கதவு திறந்தது. கை நிறைய மாவோடு நின்ற சித்தி றலியாவின் முகம் மலர்ந்தது.

"அட, மேல் வீட்டுப் புள்ளைங்களா? வாங்க, வாங்க! நான்தான் வந்து பாத்திருக்கணும். முழங்கால் வருத்தம், படி ஏற ஏலாது. இரிங்க மகள், நின்டுக்கிட்டு ஈக்க வேணாம்."

திவாகரன் நாலு வார்த்தையில் முதல் வார்த்தையைத் தேடுவதற்குள், சூடான ரோல்ஸ் ஒன்று அவன் கைக்கு வந்துவிட்டது.

"நாங்க... வீடு மாறப் போறோம் ஆன்ட்டி" என்றான்.

"அல்லாவே! ஏன் மகன்? தண்ணி காணாதா? அதுக்குத்தானே நான் என்ட பைப்பப் பூட்டிட்டுத் தட்டுறேன்!"

"என்னது?"

"என்ட பைப் தொறந்து ஈந்தா மேல தண்ணி ஏறாதே. அதான் பூட்டிட்டு, 'இப்ப ஏறுது, புடிங்க'ன்னு மூணு தட்டு தட்டுவேன். மேல போதும்னா ரெண்டு தட்டு. அதுக்குப் பொறகுதான் நான் தொறப்பேன். முந்தி மேல் வீட்டுல ஈந்த சஞ்சீவனி காலத்துலேந்தே அப்படித்தான். வீட்டுக்காரர் செல்லியிருப்பாரே?"

வீட்டுக்காரர் வாடகைத் தேதியைத் தவிர வேறெதையும் சொல்லியிருக்கவில்லை.

லோஜினி திவாகரனின் காலை மெல்ல மிதித்தாள். அவன் ரோல்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"போகாதீங்க மகன்" என்றார் சித்தி றலியா. "சஞ்சீவனி அண்டா, குண்டா எல்லாம் நெறஞ்ச பொறகுதான் தட்டுவா. அதுவரைக்கும் நான் மாவு பெசையத் தண்ணியில்லாமப் பாத்துக்கிட்டு ஈப்பேன். நீங்க அப்படியா? வந்த புதுசுல தட்டல்லதான்; இப்ப நான் தட்டின மறுநொடியே, 'எங்களுக்குப் போதும், நீங்க புடிங்க'ன்னு தட்டிடுறீங்களே! இந்தத் தண்ணிப் பஞ்சத்துல இப்படியொரு தங்கமான மனசு யாருக்கு வரும்?"